ஆங்கில நாட்டுப்புற மாளிகைகளின் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த அச்சுப்படங்கள் எவை? எந்தக் காலத்தைச் சேர்ந்தவை?

இங்கிலாந்தின் பிரபுக்களும் பெருநிலக்கிழார்களும் தம் நிலங்களின் நடுவே கட்டிக்கொண்ட மாளிகைகளையும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் செப்புத்தகட்டில் கீறி, மையிட்டு, தாளில் எடுத்த படங்கள் இவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருகத் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் நிழற்படம் அந்த இடத்தைப் பிடிக்கும் வரை பல வடிவங்களில் வந்துகொண்டிருந்தன.

பெயர்பெற்ற முதல் பெருந்தொகுப்பு 1707இல் வெளியான ‘பிரிட்டானியா இல்லஸ்ட்ராட்டா’. எண்பது தகடுகள் கொண்ட அந்தத் தொகுப்பிற்கு ஓவியம் வரைந்தவர் லியோனார்ட் நைஃப்; தகட்டில் செதுக்கியவர் யோகன்னஸ் கிப். இருவரும் நெதர்லாந்திலிருந்து வந்து லண்டனில் தொழில் செய்தவர்கள். இருவரும் 1722ஆம் ஆண்டிலேயே இறந்தனர். நகரங்களையும் நிலங்களையும் நுணுக்கமாக வரைந்து அச்சிடும் தொழில் நெதர்லாந்தில் அப்போது முதிர்ந்திருந்ததால், ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைகளைப் படமாக்கும் வேலை டச்சுக் கைகளுக்குச் சென்றதில் வியப்பில்லை.

இந்தப் படங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்?

பெரும்பாலும் மாளிகையின் உரிமையாளர்களே. தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே சந்தா திரட்டி, அந்தப் பணத்தில் தகடுகளைச் செதுக்குவது அக்காலத்து வழக்கம். படத்தின் ஓரத்தில் குடும்பச் சின்னமும், உரிமையாளரின் பெயரும் பட்டங்களும் அடங்கிய வரிகளும் இடம்பெறுவது இதனால்தான். கிப்பின் படங்களைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. அவை ஊர் சுற்றிய ஓவியர் தற்செயலாகக் கண்ட காட்சிகள் அல்ல. ஒரு குடும்பம் தன் நிலத்தை உலகுக்கு எப்படிக் காட்ட விரும்பியதோ அப்படி வரையப்பட்டவை. மாளிகை நடுவில் இருக்கும். மரச்சாலைகள் அதிலிருந்து கிளம்பி அடிவானம் வரை நேர்க்கோடாக ஓடும். குளோஸ்டர்ஷயரில் போஃபோர்ட் கோமகனின் பேட்மின்டன் மாளிகையைக் காட்டும் படத்தில் இந்தச் சாலைகள் எல்லாத் திசைகளிலும் விரிகின்றன. கண்ணுக்கு எட்டிய தொலைவு முழுவதும் இந்த வீட்டிற்குக் கட்டுப்பட்டது என்பதே அந்தப் படம் சொல்லவரும் செய்தி.

வானூர்தி இல்லாத காலத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல் எப்படி வரைந்தார்கள்?

கணக்கிட்டு வரைந்தார்கள். மனிதன் பலூனில் ஏறிப் பறந்ததே 1783இல்தான். நைஃப் இடத்திற்குச் சென்று, கட்டடங்களின் முகப்புகளைத் தரையில் நின்று வரைந்து, தோட்டத்தின் நீள அகலங்களைக் குறித்துக்கொண்டு, பின்னர் அவற்றை, தொலைவில் உள்ளவை சிறிதாகத் தெரியும் விதிகளின்படி, ஒரு கற்பனையான உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் இணைத்திருக்க வேண்டும். ஆகவே பறவைப் பார்வைப் படம் என்பது நிலவரைபடமும் ஓவியமும் கலந்த ஒன்று.

இந்தக் கோணம் அந்தக் காலத் தோட்டத்திற்கு மிகவும் பொருந்தியது. பிரெஞ்சு, டச்சு மாதிரிகளைப் பின்பற்றி அமைக்கப்பட்ட தோட்டங்களில் பூப்பாத்திகள் கோலத்தைப் போல வடிவம் கொண்டிருந்தன. செடிகள் கூம்பாகவும் பந்தாகவும் கத்தரிக்கப்பட்டன. நீர்நிலைகள் நேர்க்கோட்டில் வெட்டப்பட்டன. தரையில் நிற்பவருக்கு அந்த ஒழுங்கின் ஒரு பகுதிதான் தெரியும். மேலிருந்து பார்த்தால் முழு வடிவமும் விளங்கும். அதோடு குதிரை லாயம், காய்கறித் தோட்டம், புல்வெளிப் பந்தாட்டத் திடல், வாயிலில் நுழையும் ஆறு குதிரை வண்டி ஆகிய எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கவும் முடிந்தது.

தகட்டில் செதுக்கும் வேலை எப்படி நடந்தது?

இரண்டு முறைகள் பெரும்பாலும் கலந்தே பயன்பட்டன. முதல் முறையில், மெருகிட்ட செப்புத்தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி, தகட்டை அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். மரங்களின் இலைக்கொத்து, மேகம் போன்ற நெகிழ்வான பகுதிகளுக்கு இது ஏற்றது. இரண்டாவது முறையில், கூர்முனை எஃகு உளியைத் தகட்டின் மேல் நேரடியாகத் தள்ளிச் செம்பைச் சீவி எடுப்பார்கள். கட்டடத்தின் நேர்க்கோடுகளும் அழுத்தமான நிழல்களும் இந்த உளியால் கிடைத்தவை. பின்னர் தகடு முழுவதும் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் கோடுகளின் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து உருளை அச்சில் அழுத்தினால் படம் தாளுக்கு ஏறும்.

அச்சில் இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், செதுக்குபவர் மாளிகையைத் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு அழுத்தத்திலும் கோடுகள் சற்றே தேயும். முதலில் எடுத்த பிரதிகளில் நிழல் ஆழமாகவும், பின்னர் எடுத்தவற்றில் வெளிறியும் இருப்பது அதனால்தான். 1820களில் எஃகுத் தகடு பரவிய பிறகு ஆயிரக்கணக்கில் அச்சிட முடிந்தது. ஆனால் எஃகில் கீறிய கோடுகள் மிக மெல்லியவை. அந்தக் காலப் படங்களில் ஒரு வெள்ளி நிறச் சாம்பல் தன்மை இருக்கும். என் கண்ணுக்குச் செம்பே உயர்ந்தது.

அக்வாடின்ட் என்பது இன்னொரு முறை. பிசின் பொடியைத் தகட்டின் மேல் படியவைத்து அமிலத்தால் அரிக்கும்போது, கோடாக இல்லாமல் நீர்வண்ணப் பூச்சைப் போன்ற நிழல் கிடைக்கும். பிரான்சில் தோன்றிய இந்த முறையை இங்கிலாந்தில் 1775ஆம் ஆண்டுத் தொகுப்பின் வழியாகப் பரப்பியவர் பால் சாண்ட்பி.

இந்தப் படங்கள் காட்டுவதை அப்படியே நம்பலாமா?

இந்தப் பக்கத்தில் மிக நீளமான விடை தேவைப்படும் கேள்வி இதுவே. நம்பக் கூடாத சான்று ஒன்றையும், நம்பிப் பயன்பெற்ற சான்று ஒன்றையும் பார்க்கலாம்.

லண்டனுக்குக் கிழக்கே இருந்த வான்ஸ்டெட் மாளிகையின் வடிவமைப்பாளர் கோலன் கேம்பல். ‘விட்ருவியஸ் பிரிட்டானிகஸ்’ என்னும் பெயரில் 1715, 1717, 1725 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாகக் கட்டட வரைபடங்களை வெளியிட்டவரும் அவரே. அந்தப் பாகங்களில் வான்ஸ்டெட் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் காட்சியளிக்கிறது. முதல் வடிவம் கட்டப்படவே இல்லை. கடைசியாக வந்த வடிவத்தில் மூலைக் கோபுரங்கள் உள்ளன, அவையும் எழவில்லை. மாளிகை 1824இல் இடிக்கப்பட்டுக் கற்களாக விற்கப்பட்டுவிட்டதால், நேரில் சென்று ஒப்பிட இப்போது வழியில்லை. அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர் இல்லாத கோபுரங்களை இருந்தவையாக எண்ணிக்கொள்வார். கட்டட வல்லுநர் தன் எண்ணத்தை விளம்பரப்படுத்த அச்சைப் பயன்படுத்தினார். அது ஏமாற்று என்று சொல்வதற்கில்லை, ஆனால் பதிவு என்றும் சொல்ல முடியாது.

மறுபக்கத்தில் இருப்பது குளோஸ்டர்ஷயரின் வெஸ்ட்பரி கோர்ட். மேனார்ட் கோல்செஸ்டர் என்பவர் 1696ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளில் அங்கே டச்சு முறையில் ஒரு நீர்த்தோட்டம் அமைத்தார். நீண்ட கால்வாயின் முனையில் உயரமான கோடைமண்டபம், கரையோரம் கத்தரித்த வேலிகள், அருகில் ஒழுங்கான பாத்திகள் என்று அந்த இடத்தைக் கிப் செதுக்கினார். ராபர்ட் அட்கின்ஸ் எழுதி 1712இல் வெளியான குளோஸ்டர்ஷயர் வரலாற்று நூலில் அந்தப் படம் இடம்பெற்றது. பிற்காலத்தில் மாளிகை மறைந்தது, கால்வாய் தூர்ந்தது, வேலிகள் கட்டுக்கடங்காமல் வளர்ந்தன. 1967இல் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளை அந்த இடத்தைப் பெற்றுச் சீரமைக்கத் தொடங்கியபோது, கையில் கிடைத்த பெரிய ஆதாரங்கள் இரண்டு: கிப்பின் படம், கோல்செஸ்டரின் கணக்கு ஏடுகள். படம் அமைப்பைச் சொன்னது; ஏடுகள் எந்தச் செடிகளை வாங்கினார் என்பதைச் சொன்னன. படமும் ஏடும் ஒத்துப்போன இடங்களில் துணிந்து வேலை செய்ய முடிந்தது.

இவ்விரண்டையும் வைத்து நான் பின்பற்றும் வழி இது. சுவர், வாயில், கால்வாய், மரச்சாலையின் திசை போன்றவை அண்டை வீட்டாருக்கும் தெரிந்தவை. அவற்றில் பொய் சொல்வது உரிமையாளருக்கே இழிவு. அவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். மரங்களின் வளர்ச்சி, பாத்திகளின் குறையற்ற ஒழுங்கு, தோட்டத்தின் பரப்பு ஆகியவற்றில் தாராளம் இருக்கும். நேற்று நட்ட கன்று படத்தில் முழு மரமாக நிற்கலாம். மனித உருவங்களைக் கொண்டு அளவிடுவதும் ஆபத்து, ஏனெனில் மாளிகையைப் பெரிதாகக் காட்ட மனிதர்களைச் சிறிதாக வரைவது செதுக்குபவர்களின் பழைய உத்தி.

தோட்டக்கலை மாறியபோது படங்கள் எப்படி மாறின?

நேர்க்கோட்டுத் தோட்டம் 18ஆம் நூற்றாண்டில் மெல்ல மறைந்தது. சார்லஸ் பிரிட்ஜ்மன், வில்லியம் கென்ட், பிறகு ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று அழைக்கப்பட்ட லான்சலாட் பிரவுன் ஆகியோரின் கைகளில் தோட்டம் புல்மேடாகவும், வளைந்த ஏரியாகவும், ஆங்காங்கே நிற்கும் மரத்தொகுதிகளாகவும் ஆனது. மேலிருந்து பார்த்தால் இதில் காண ஒன்றுமில்லை. பார்வை தரைக்கு இறங்கியாக வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தைக் காட்டும் சிறந்த தொகுப்பு பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோவ் தோட்டத்தைப் பற்றியது. பிரெஞ்சுக்காரரான ஜாக் ரிகோ 1733இல் அங்கு வந்து வரைந்தார். பிரிட்ஜ்மன் 1738இல் இறந்த பின், அவர் மனைவி சேரா அந்தக் காட்சிகளை 1739இல் வெளியிட்டார். அவற்றில் தோட்டம் காலியாக இல்லை. பட்டாடை அணிந்தவர்கள் உலாவுகிறார்கள், வணங்குகிறார்கள், கை நீட்டி எதையோ காட்டுகிறார்கள். தோட்டம் சுற்றிப் பார்க்கும் இடமாகிவிட்டது என்பதை இவர்களே சொல்லிவிடுகிறார்கள். 1744இல் பென்டன் சீலி ஸ்டோவுக்கென்றே ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார்.

இதன்பின் வந்த செதுக்குநர் வில்லியம் வூலெட்டின் பெயின்ஸ்ஹில் தோட்டக் காட்சி போன்றவற்றில் நீரும் மரமுமே முதன்மை. 1779 முதல் வெளியான வில்லியம் வாட்ஸின் தொகுப்பில் மாளிகை பெரும்பாலும் சற்றுத் தொலைவில், புல்வெளிக்கு அப்பால் நிற்கிறது. முன்னால் மான்களோ மாடுகளோ மேயும். 1818இல் தொடங்கிய ஜே. பி. நீலின் தொகுப்புகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் சிறிய அளவில் வரிசையாக வருகின்றன. தகவலுக்கு நீல் மிகவும் உதவுவார். அழகுக்கு வாட்ஸிடம் போவது நல்லது.

ஹம்ப்ரி ரெப்டனின் மடிப்புத்தாள் படங்கள் என்பவை யாவை?

பிரவுனுக்குப் பின் புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளரான ரெப்டன், தன் யோசனைகளைச் சிவப்புத் தோல் அட்டையிட்ட கையெழுத்து ஏடுகளாக வாடிக்கையாளருக்குக் கொடுத்தார். அவற்றில் நீர்வண்ண ஓவியத்தின் ஒரு பகுதியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தாள் மூடியிருக்கும்போது நிலம் இன்றிருக்கும் நிலை தெரியும்; தூக்கினால் ரெப்டன் செய்யப்போகும் மாற்றம் தெரியும். இந்த உத்தியை அவர் தம் அச்சு நூல்களிலும் அக்வாடின்ட் படங்களோடு பயன்படுத்தினார். விற்பனைத் தந்திரமாக இதைவிடச் சிறந்த ஒன்றை அந்த நூற்றாண்டில் காண்பது அரிது. மூடியிருக்கும் ‘இன்றைய நிலை’ எப்போதும் சற்றே அழுக்காக இருப்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

படத்தின் அடியில் உள்ள சிறு எழுத்துகள் என்ன சொல்கின்றன?

இடது மூலையில் ஒரு பெயரை அடுத்து ‘டெலின்’ என்றிருந்தால் அவர் வரைந்தவர். வலது மூலையில் ‘ஸ்கல்ப்’ என்றிருந்தால் அவர் செதுக்கியவர். ‘எக்ஸ்குடிட்’ என்பது வெளியிட்டவரைக் குறிக்கும். மூன்றும் லத்தீன். ‘நாடாளுமன்றச் சட்டப்படி வெளியிடப்பட்டது’ என்ற வரியும் தேதியும் இருந்தால், படம் 1735ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிந்தியது. ஓவியர் ஹோகார்த் உள்ளிட்டோரின் முயற்சியால் வந்த அந்தச் சட்டம், செதுக்கியவருக்குப் பதினான்கு ஆண்டு உரிமை அளித்தது. அந்தத் தேதி தகட்டிற்கு உரியது. உங்கள் கையில் உள்ள தாள் பல ஆண்டுகள் கழித்தும் அதே தகட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம்.

இந்தப் படங்களை அக்காலத்தவர் எப்படிப் பயன்படுத்தினார்கள்?

நூலகத்தில் பெரிய தொகுப்பாக வைத்திருந்தார்கள். தனித்தாளாக வாங்கிச் சட்டமிட்டார்கள். சுவரில் நேரடியாக ஒட்டி, அச்சிட்ட காகிதச் சட்டங்களையும் முடிச்சுகளையும் சுற்றிலும் ஒட்டி ஓர் அறை முழுவதையும் அலங்கரித்தார்கள். மற்றொரு பயன் எதிர்பாராத இடத்தில் நேர்ந்தது. ருஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக ஆங்கிலேய மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் 1773, 1774ஆம் ஆண்டுகளில் 952 உருப்படிகள் கொண்ட உணவுக் கலத் தொகுதி ஒன்றைச் செய்தார். அதில் பிரிட்டனின் 1,222 காட்சிகள் தீட்டப்பட்டன. அத்தனை இடங்களுக்கும் ஓவியரை அனுப்புவது இயலாத காரியம் என்பதால், ஏராளமான காட்சிகள் அச்சுப்படங்களிலிருந்தே எடுக்கப்பட்டன. ஒவ்வொரு கலத்திலும் ஒரு பச்சைத் தவளைச் சின்னம் உண்டு. அந்தக் கலங்கள் செல்லவிருந்த அரண்மனை தவளைகள் நிறைந்த சதுப்பு நிலத்தில் அமைந்திருந்ததே காரணம். பெரும்பகுதி இன்று ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தமிழகத்தோடு இவற்றுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு, அது பெரும்பாலும் பணத்தின் தொடர்பு. 1778 முதல் 1780 வரை சென்னையின் ஆளுநராக இருந்த தாமஸ் ரம்போல்ட், ஹார்ட்ஃபர்ட்ஷயரில் வுட்ஹால் பார்க் என்னும் மாளிகையைக் கட்டினார். மேலே சொன்ன ஒட்டுப்பட அறைகளில் மிகவும் பேர்பெற்ற ஒன்று அங்கேதான் 1782இல் அமைக்கப்பட்டது. பின்னர் அந்த வீட்டை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்துச் செல்வம் சேர்த்த அவரையும் அவரைப் போன்றோரையும் எட்மண்ட் பர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் கடுமையாகச் சாடினார். அந்தக் கடனுக்கான வட்டி ஆற்காட்டு நாட்டின் நிலவரியிலிருந்து வந்தது.

சர்ரேயில் உள்ள கிளேர்மான்ட் மற்றொன்று. அதன் தோட்டத்தை ஜான் ரோக் 1738இல் வரைபடமாக வெளியிட்டார். பிரிட்ஜ்மன் அமைத்த புல்படி அரங்கு அதில் தெரிகிறது. 1769இல் அந்த இடத்தை வாங்கி, பழைய மாளிகையை இடித்துவிட்டுப் புதிது எழுப்பச் சொன்னவர், 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயரெடுத்த ராபர்ட் கிளைவ். கட்டும் பொறுப்பு பிரவுனுக்குக் கிடைத்தது.

மூன்றாவது தொடர்பு படங்களின் வழியே அமைந்தது. தாமஸ் டேனியலும் அவர் உறவினர் வில்லியமும் 1792, 1793ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பயணம் செய்து, தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், மதுரை ஆகிய இடங்களை வரைந்து பின்னர் அக்வாடின்ட் படங்களாக வெளியிட்டனர். அந்தப் பெருந்தொகுப்பு இங்கிலாந்தில் இந்தியக் கட்டடக்கலையின் மேல் மோகத்தை உண்டாக்கியது. குளோஸ்டர்ஷயரில் சார்லஸ் காக்கரெல் கட்டிய செசின்கோட் மாளிகை அதன் விளைவு. தோட்டத்தின் மண்டபங்களைத் தாமஸ் டேனியலே வடிவமைத்தார். ஆனால் மாளிகையின் குவிமாடமும் சன்னல் வளைவுகளும் முகலாய மரபினவை. தமிழ்க் கோயிலின் சாயலை அங்கே தேடுவோர் ஏமாற்றம் அடைவர். முடிந்த மாளிகையை ஜான் மார்ட்டின் மீண்டும் அச்சுப்படங்களாக வரைந்தார்.

இவை காட்டாமல் விட்டவை எவை?

உழைப்பு. கிப்பின் படங்களில் புல் வெட்டுபவரும் வண்டி ஓட்டுபவரும் எறும்பளவில் தென்படுவதுண்டு. பிற்காலப் படங்களில் அவர்களும் அருகிவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் நியூனம் கோர்ட்னி என்னும் ஊரை ஹார்கோர்ட் பிரபு 1760களில் முழுவதுமாகப் பெயர்த்து நெடுஞ்சாலை ஓரத்தில் குடியமர்த்தினார், தன் பூங்காவின் காட்சிக்கு அது இடைஞ்சலாக இருந்ததால். டார்செட்டின் மில்டன் அபாஸிலும் இதே நடந்தது. இத்தகைய பூங்காக்களின் படங்களில் மென்மையான புல்சரிவைக் காணும்போது, அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டுப் பார்ப்பது தகும். வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் அடிமைகள் விளைவித்த கரும்பின் பணத்தில் எழுந்த மாளிகைகளும் இந்தத் தொகுப்புகளில் உள்ளன. ஜமைக்காத் தோட்டங்களின் உரிமையாளரான வில்லியம் பெக்ஃபோர்டின் ஃபான்ட்ஹில் அபே பற்றி 1823இல் மட்டும் இரண்டு பெரிய படநூல்கள் வந்தன. இரண்டே ஆண்டுகளில் அதன் கோபுரம் சரிந்தது.

ஒரு படம் அசலா என்று எப்படி அறிவது?

தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடம் முதல் அடையாளம். படத்தைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும் சிறு பள்ளமாக அது இருக்கும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அது போயிருக்கும். தாளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதித் தாள்களில் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். உருப்பெருக்கியில் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. கிப்பின் அகலமான படங்களின் நடுவில் செங்குத்தான மடிப்பு இருப்பது குறையல்ல, நூலில் கட்டப்பட்டிருந்ததற்கான சான்று. வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கோட்டு அச்சுப்படங்களில் பல கறுப்பு வெள்ளையாகவே விற்கப்பட்டன. பளபளக்கும் பச்சை பெரும்பாலும் கடைக்காரர் அண்மையில் பூசியது.

எங்கே பார்க்கலாம்?

பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் இடவிளக்கத் தொகுப்பு மிகப் பெரியது. அதன் பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும், அமெரிக்காவின் நியூ ஹேவனில் உள்ள யேல் பிரிட்டிஷ் கலை மையமும் உயர்தர உருவங்களை இலவசமாக அளிக்கின்றன. தொடங்குவதற்குக் கிப் செதுக்கிய சாட்ஸ்வொர்த் படத்தைப் பரிந்துரைக்கிறேன். டார்பிஷயரில் அந்த மாளிகை இன்றும் இருக்கிறது. படத்தில் உள்ள பாத்திகளை அடையாளம் காண முடியாது. 1760களில் பிரவுன் புல்வெளியாக்கிவிட்டார். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நீர்வீழ்ச்சியை மட்டும் படத்திலும் இன்றைய நிழற்படத்திலும் ஒருங்கே காணலாம். அதை நிலைப்புள்ளியாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேடுவது எளிது.